கீழ் இடது நாலு

பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டு முழு எண்ணிக்கையோடு வீடு திரும்பியவர்கள் நம் தெருவில் குறைவு. "இது சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, எடுத்துடலாம்" என்பார். வலிக்குமா என்று கேட்டால், "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பார். எந்தக் காட்டு எறும்பு என்று கேட்பதற்குள் ஊசி இறங்கியிருக்கும். பிடுங்கிய பல்லை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று யாராவது ஆசையாகக் கேட்டால், "எதுக்கு? தொட்டியில நட்டு வைக்கவா?" என்று சொல்லி அதையும் குப்பைக் கூடையில் தள்ளிவிடுவார். அடுத்தவர் பொருள்மேல் இத்தனை பற்றற்ற மனிதரைப் பார்ப்பது அரிது.

தன் பொருள் என்றால் கதை வேறு. கீழே கிளினிக், மேலே வீடு. மேலே இருக்கும் மூன்று அறைகளில் நல்ல அறை எதுவோ, காற்று வருகிற அறை எதுவோ, அது முழுக்க சினிமா டிஸ்க்குகள். தரையிலிருந்து தலைக்கு மேல் ஒரு முழம் வரை ஒரு சுவரையே அடைத்துத் தச்சர் செய்துகொடுத்த மர ரேக். வாங்கிய நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத டிஸ்க்குகள் அதில் கால்வாசி. ஒரே படம் நான்கு தடவை வாங்கியிருப்பார். கேட்டால், "இதுல டைரக்டர் பேட்டி இருக்கு, அதுல இல்லை" என்பார். பேட்டியைப் பார்த்தாரா என்று கேட்கக் கூடாது.

அவர் மனைவியை நோயாளிகள் எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நர்ஸ் படிப்பு எதுவும் படிக்கவில்லை. கல்யாணமாகி வந்த மறுவாரம் டாக்டரின் உதவிக்காரப் பெண் வேலையை விட்டுப் போக, "ரெண்டு நாள் மட்டும் வந்து நில்லு" என்று கூப்பிட்டார். அந்த இரண்டு நாள் இருபத்திரண்டு வருஷம் நீண்டது. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, டாக்டர் சொல்லச் சொல்ல எந்தப் பல்லில் என்ன சேதம் என்று அட்டையில் எழுதுவது, நடுங்குகிறவர்களின் கையைப் பிடிப்பது எல்லாம் அவர்தான். முக்கியமான வேலை இன்னொன்று உண்டு.

ஆரம்ப காலத்தில் ஒருநாள் டாக்டர் ஒரு மனிதரின் வாயில் கெட்ட பல்லை விட்டுவிட்டு, மறுபக்கத்தில் சிவனே என்று இருந்த நல்ல பல்லில் குறடை மாட்டிவிட்டார். பல் டாக்டர்களுக்கு வலது என்றால் நோயாளிக்கு வலது. எதிரே நிற்கிற டாக்டருக்கு அது இடது கைப்பக்கம். அந்தக் குழப்பம்தான். "பக்கம்!" என்று சிஸ்டர் போட்ட சத்தத்தில் குறடு கீழே விழுந்தது, நல்ல பல் தப்பியது. அன்றிலிருந்து அது கிளினிக்கின் சட்டமாகிவிட்டது. டாக்டர் பல்லின் இடத்தை உரக்கச் சொல்லிக் கை நீட்டுவார். சிஸ்டர் "பக்கம்?" என்று கேட்பார். "நோயாளிக்கு வலது" என்றோ "நோயாளிக்கு இடது" என்றோ டாக்டர் பதில் சொன்ன பிறகுதான் குறடு வாய்க்குள் போகும்.

இரண்டு வருஷத்துக்கு முன் முதுகுவலி வந்து சிஸ்டர் கிளினிக்கை விட்டார். மாடியில் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று எல்லாரும் நினைத்தோம். அவரோ போய் ஒரு சாக்ஸபோன் வாங்கிவந்தார்.

ஐம்பத்து மூன்று வயதில் சாக்ஸபோன். அதை இணையத்தில் பார்த்தே பழகினார். கூடத்தில் ஊதினால் கீழே நோயாளிகள் பயந்து எழுந்து ஓடுகிறார்கள் என்று டாக்டர் தடை போட்டார். படுக்கையறையில் ஊதினால் பக்கத்து வீட்டுப் பாப்பா வீறிட்டு அழுதது. கடைசியில் மிஞ்சியது குளியலறை. தினமும் மூன்று மணிக்கு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஊதுவார். குளியலறை ஜன்னல் தெருப் பக்கம். அதனால் அவர் எந்தப் பாடத்தில் எங்கே தடுக்கி விழுகிறார் என்பது அவரைவிடத் தெருவுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே, அடுத்து நடந்ததில் தெருவுக்கும் கொஞ்சம் அக்கறை இருந்ததென்றால் அதை வம்பு என்று யாரும் சொல்லக் கூடாது.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரின் பள்ளித் தோழிகள் மூன்று பேர் வந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் 'ஒன்பதாவது மாடியில் ஒட்டகம்' என்ற பழைய சிரிப்புப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "எங்கிட்ட இருக்கு! இதோ எடுத்துட்டு வரேன், போட்டுப் பாருங்க" என்று டாக்டர் துள்ளி எழுந்து அறைக்குள் போனார். தோழிகள் டீ குடித்தார்கள். மறுபடியும் டீ குடித்தார்கள். யார் வீட்டு மருமகள் எப்படி என்ற விஷயம்கூடத் தீர்ந்துபோனது. மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் தலையெல்லாம் தூசியோடு வெற்றிகரமாக வெளியே வந்தபோது கூடத்தில் சிஸ்டர் மட்டும் இருந்தார். கையில் இருந்ததும் அந்தப் படம் இல்லை.

"ஒட்டகம் கிடைக்கலை. ஆனா ரொம்ப நாளா தேடிக்கிட்டிருந்த வேற ஒண்ணு கிடைச்சிடுச்சு" என்றார் டாக்டர்.

சிஸ்டர் கப்புகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "ஏங்க, எடுக்கவே முடியாத பொருள் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ஒரு மாசம் டைம். நான் மூணு படம் பேரு சொல்லுவேன். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நிமிஷம். மூணுல ரெண்டு எடுத்துட்டீங்கன்னா அறை உங்களுது, நான் சாகிற வரைக்கும் பாத்ரூம்லயே ஊதிக்கிறேன். இல்லைன்னா எல்லாத்தையும் கட்டி வெளியில போட்டுட்டு அறையை எனக்குக் குடுங்க. எனக்கும் கதவைச் சாத்திக்கிட்டு உக்கார ஒரு இடம் வேணும்."

"ரெண்டு நிமிஷம் ரொம்பக் கம்மி."

"ரெண்டு நிமிஷத்துல நீங்க ரெண்டு பல்லுப் பிடுங்குவீங்க."

உண்மையில் மூன்று பிடுங்குவார்.

மறுநாளே மச்சினனைக் கூப்பிட்டார். சிஸ்டரின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் பாதி நாள் மாடிக்கும் மாடிக்கும் நடுவில் தொங்குகிறவர். சினிமாச் சேகரிப்பை வரிசைப்படுத்த ஒரு மென்பொருள் இருக்கிறதென்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். தான் இரவல் வாங்கி இன்னும் திருப்பாத முப்பத்தேழு படங்களைப் பற்றி அந்த நேரத்தில் அவர் யோசிக்கவில்லை.

"எல்லாமே அதுவே பார்த்துக்கும் மாமா. நீங்க செட்டிங்ஸை மட்டும் ஒழுங்கா வச்சுட்டாப் போதும்" என்றார்.

இந்த 'மட்டும்' டாக்டரின் பத்து நாளைத் தின்றது. அமைப்புகள் என்ற பக்கத்தைத் திறந்தார். உள்ளே பதினான்கு பிரிவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டி போட்டது போல இன்னும் பல. நோயாளிகளை வரவேற்பறையில் காக்க வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திருகினார். அட்டைப் படத்தைத் தானே இறக்கிக்கொள்ளட்டும் என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டார். பேய்ப்படம் ஒன்றுக்கு அது சமையல் நிகழ்ச்சியின் அட்டையைக் கொண்டுவந்து ஒட்டியது. ஒரே படம் இரண்டு தடவை இருந்தால் எச்சரிக்கட்டுமா என்று கேட்டது. சரி என்றார். ஒரு மணி நேரத்தில் அது நூற்றுப் பத்து தடவை எச்சரித்தது. கடைசிப் பத்து எச்சரிக்கைகளில் ஒரு ஏளனம் இருந்ததாக அவருக்குப் பட்டது. அணைத்துவிட்டார்.

அதைவிட மோசம் முதல் பக்கம். எல்லாப் படங்களையும், பார்த்தது பார்க்காதது என்ற விவரத்தோடு ஏற்றி முடித்ததும், யாரும் கேட்காமலேயே அது ஒரு வட்டப் படம் போட்டுக் காட்டிற்று. மொத்தம் 1,837. பார்த்தவை 291. பார்க்காதவை 1,546. பார்க்காதவை நல்ல சிவப்பு நிறத்தில், ஈறு வீங்கியது போல இருந்தது.

"இதை எப்படி மறைக்கிறது மாப்ள?" என்று குரலைத் தாழ்த்தினார்.

"எதை மாமா?"

"இந்தச் சிவப்பை."

"மறைக்கலாம். ஆனா உங்க பக்கத்துல மட்டும்தான் மறையும். அக்கா பேர்ல ஒரு கணக்கு ஆரம்பிச்சேனே, அதுல தெரியும்."

"உன்னை யாருடா அவ பேர்ல ஆரம்பிக்கச் சொன்னது?"

"குடும்பத் திட்டம்னு ஒண்ணு இருந்துச்சு மாமா. இலவசம்."

பின்னால் காபியோடு நின்ற சிஸ்டர், "ஆயிரத்து ஐநூத்தி நாப்பத்தாறு. நான் காலையிலேயே பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காபியை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தக் காபியை டாக்டர் எப்படிக் குடித்தாரோ!

இரவல் பிரிவு இன்னும் பெரிய கூத்து. யாரிடமாவது டிஸ்க் இருந்தால் தினமும் காலையில் அதுவே நினைவூட்டல் அனுப்புமாம். தன் முப்பத்தேழு படங்கள் நினைவுக்கு வர, "அது எதுக்கு மாமா, சொந்தக்காரங்களுக்குள்ள" என்று மச்சினன் தடுத்துப் பார்த்தார். அந்தப் பதற்றமே டாக்டருக்குப் போதுமாக இருந்தது. அவர் போன பிறகு தானே உட்கார்ந்து அமைத்தார். யாருக்கு அனுப்ப என்று மென்பொருள் கேட்டது. தொடர்புப் பட்டியலை இணைக்கவா என்றது. இணை என்றார். எல்லாரையும் இரவல் வாங்கியவர்களாகச் சேர்க்கவா என்றது. மச்சினன் பெயர் அதில் எப்படியும் இருக்கும் என்று நினைத்துச் சரி என்று அழுத்தினார். அவர் இணைத்தது கிளினிக்கின் தொடர்புப் பட்டியல்.

காலை எட்டு மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளுக்குப் பல் மருத்துவமனையின் பெயரில் செய்தி போயிற்று: 'எங்களிடமிருந்து நீங்கள் பெற்றுச் சென்ற பொருளை இதுவரை திருப்பித் தரவில்லை. உடனே கொண்டுவந்து ஒப்படைக்கவும்.'

ஒன்பது மணிக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் டிபன் டப்பாவோடு வந்தார். டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே அவருடைய முழுப் பல்செட் தண்ணீரில் மிதந்தது.

"போன வாரம்தான் முறுக்கு கடிக்கப் பழகினேன்" என்றார் பொக்கை வாயோடு. எழுத்தில் கொண்டுவர முடியாத காற்று அதில் பாதி. "நான் என்ன தப்புப் பண்ணேன் டாக்டர்?"

அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டு போன ஒரு அம்மாள், "அடைச்சதை எப்படிங்க நான் திருப்பித் தர்றது? நீங்களே தோண்டி எடுத்துக்குங்க" என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு முடிக்க மதியம் ஆயிற்று. நானூற்றுப் பதின்மூன்றாவதாக யாருக்கு அந்தச் செய்தி போயிருக்க வேண்டுமோ அந்த மச்சினனுக்கு மட்டும் போகவில்லை. கிளினிக் பட்டியலில் அவர் இல்லை. அவருக்குப் பல்லே வலித்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில் முக்கியமான விஷயம் அப்படியே கிடந்தது. எந்தப் படம் எங்கே இருக்கிறது? பந்தயமே அதில்தான். 'இருப்பிடம்' என்ற கட்டத்தை அந்த மென்பொருள் காலியாக விட்டிருந்தது. உங்கள் வசதிப்படி அமைத்துக்கொள்ளவும் என்றது. மற்றவர்களாக இருந்தால் அலமாரி ஒன்று, அலமாரி இரண்டு என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். டாக்டர் ரேக்கின் எதிரே நின்றார். மேல் வரிசையில் பக்கம் பக்கமாகப் பதினாறு தட்டு. கீழ் வரிசையில் பதினாறு தட்டு. மொத்தம் முப்பத்திரண்டு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தச்சர் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா தெரியாது; இத்தனை வருஷமாக ஒரு முழு வாயை வீட்டில் வைத்துக்கொண்டு அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறார்.

அன்று மாலையே அமைப்புகளில் இருப்பிடப் பட்டியல் தயாரானது. மேல் வலது ஒன்றிலிருந்து எட்டு. மேல் இடது ஒன்றிலிருந்து எட்டு. கீழேயும் அப்படியே. பல்லை எண்ணுவது போலவே நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஓரமும் போகிற கணக்கு. நடுவில் முன்பல் தட்டுகளில் அடிக்கடி பார்ப்பவை. கோரைப்பல் தட்டுகளில் சண்டைப் படங்கள். நான்கு மூலையிலும் இருக்கிற எட்டாம் எண் தட்டுகள் ஞானப்பல். உறை பிரிக்காததெல்லாம் அங்கே போயிற்று.

"தட்டுல நம்பர் ஒட்டிடலாமா மாமா?" என்று மச்சினன் கேட்டார்.

"வாயில யாராவது நம்பர் ஒட்டி வச்சிருக்காங்களா?" என்றார் டாக்டர் பெருமையாக.

மேல் வரிசை முழுவதற்கும் இருப்பிடத்தைத் தானே பதிந்தார். அதற்குள் இருபத்தைந்து நாள் ஓடிவிட்டது. கிளினிக்கில் கூட்டம் வேறு. கீழ் வரிசையை மச்சினன் ஏற்றுக்கொண்டார். நான்கு சாயங்காலம் தரையில் சம்மணம் போட்டு, ஒவ்வொரு டிஸ்க்காக எடுத்து, எந்தத் தட்டு என்று கணினியில் பதிந்தார். 'கீழ் வலது ஆறு', 'கீழ் இடது மூன்று' என்று விறுவிறுவென்று போட்டு முடித்தார். தன் பெயரில் இருந்த முப்பத்தேழுக்கு எதிரே 'தொலைந்துவிட்டது' என்று போட்டதும் அப்போதுதான்.

பந்தய நாள். ஞாயிறு, மதியம் மூன்று மணி. அன்று குளியலறையிலிருந்து சத்தம் வரவில்லை என்பதால் தெருவில் நாலைந்து பேர் தற்செயலாக வெளியே நின்றிருந்தார்கள். மாடி ஜன்னலும் தற்செயலாகத் திறந்திருந்தது.

டாக்டர் சலவைச் சட்டை போட்டிருந்தார். கணினி மேஜைமேல். மச்சினன் கையில் கடிகாரம். அவர்தான் நடுவர். சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். டாக்டர் ரேக்கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பார்த்தார். தோற்றால் இந்தச் சுவர் வெறும் சுவராகிவிடும். அந்த 1,546-ஐயும் என்றாவது ஒருநாள் பார்ப்போம் என்ற நினைப்புத்தான் இத்தனை வருஷம் அடுத்தவர் வாய்க்குள்ளேயே குனிந்து நிற்க அவருக்குத் தெம்பு கொடுத்திருந்தது. அந்த ஒருநாளும் ரேக்கோடு சேர்ந்து போய்விடும்.

"மொதல் படம்" என்றார் சிஸ்டர். "ஒன்பதாவது மாடியில் ஒட்டகம்."

"அதையே கேப்பேன்னு எனக்குத் தெரியும்!" டாக்டர் தட்டினார். திரையில் வந்தது: மேல் வலது இரண்டு. நோயாளிக்கு வலது என்றால் தனக்கு இடது கைப்பக்கம். போனார், இரண்டாம் தட்டில் விரல் விட்டார், உருவினார். முப்பத்தெட்டு வினாடி.

"மாமா, சூப்பர்!" என்று நடுவர் கை தட்டினார்.

"நடுவர் கை தட்டக் கூடாது" என்றார் சிஸ்டர். "ரெண்டாவது. தபால்காரர் திரும்பிப் பார்த்தார்."

கீழ் வலது ஆறு. டாக்டர் குனிந்து, தன் இடது கைப்பக்கம் ஆறாவது தட்டுக்குப் பாய்ந்தார். தபால்காரர் இல்லை. ஐந்தில் பார்த்தார். ஏழில் பார்த்தார். மண்டியிட்டு எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டார். குனிந்த முதுகு ரேக்கையே மறைத்ததால் அவர் எங்கே தேடுகிறார் என்றுகூடச் சிஸ்டருக்குத் தெரியவில்லை. மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"டைம்" என்றார் மச்சினன் சோகமாக.

"இங்கதான் இருக்கணும்! இங்கதான்னு போட்டிருக்கு!"

"போட்டிருக்கிறது எல்லாம் நிஜம்னா, நமக்கு முப்பத்தேழு படம் தொலைஞ்சிருக்கணுமே" என்று தம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார் சிஸ்டர். அவர் எல்லாவற்றையும் தன் கணக்கில் பார்த்திருக்கிறார். தம்பி கடிகாரத்தை உற்றுப் பார்த்தார்.

ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவதுதான் எல்லாம். சிஸ்டர் கண்ணாடியை மூக்கின்மேல் சரிசெய்துகொண்டார். பிறகு, "மாடிப்படியில் ஒரு மானேஜர்" என்றார்.

டாக்டர் தட்டினார். திரையைப் பார்த்தார். இந்தத் தடவை ஓடவில்லை. ஓடித்தான் போன தடவை கெட்டது என்று நினைத்தார் போல. நோயாளி நாற்காலிக்கு எதிரே நிற்கிற மாதிரி ரேக்குக்கு எதிரே நேராக நின்றார். மூச்சை இழுத்து விட்டார். கிளினிக்கில் சொல்வது போல உரக்கச் சொன்னார்: "கீழ் இடது நாலு."

சொல்லிக்கொண்டே வலது கைப்பக்கம் கையை நீட்டினார். விரல் இரண்டும் குறடு பிடித்த மாதிரி இருந்தது.

"பக்கம்?" என்றார் சிஸ்டர்.

சொன்ன மறுகணமே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம், அவருக்கு முன்னால் அது வெளியே வந்துவிட்டது.

டாக்டரின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "நோயாளிக்கு இடது" என்று அவர் வாயும் தானாகவே பதில் சொல்லிவிட்டது. அடுத்த வினாடி மெதுவாகத் திரும்பி மச்சினனைப் பார்த்தார்.

"மாப்ள. நீ யாருக்கு இடதுன்னு போட்ட?"

"யாருக்கா? எனக்குத்தான். என்னோட இடது கைப் பக்கம். வேற யாரு மாமா இங்க இருந்தா?"

டாக்டர் மறுபக்கம் பாய்ந்தார். தன் இடது கைப்பக்கம், கீழே, நடுவிலிருந்து நான்காவது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டுகளைத் தொட்டு எண்ணினார். விரல்களை விட்டு ஒரு உலுக்கு உலுக்கி இழுத்தார். பல் பிடுங்குகிற அதே லாவகம். மானேஜர் வெளியே வந்தார்.

"ஒரு நிமிஷம் ஐம்பத்தாறு!" என்று மச்சினன் கத்தினார். வெளியே தற்செயலாக நின்றவர்களில் ஒருவர் விசிலடித்தார்.

"செல்லாது" என்றார் சிஸ்டர். "நான் சொல்லிக் குடுத்தேன்."

"அக்கா, நீ சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் கேள்வி."

"டேய், நீ வாயை மூடு. வாயே இல்லாத ரேக்குல யாருக்கு இடது, யாருக்கு வலதுன்னு கேக்காம எழுநூறு படத்தைத் தலைகீழாப் பதிஞ்சு வச்சிருக்க."

டாக்டர் மானேஜரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜெயித்தவர் முகமாக இல்லை. ஆரம்ப காலத்தில் அந்த நல்ல பல்லில் குறடை மாட்டியபோது முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. கீழ் வரிசை முழுவதும் தப்பு. நெஞ்சில் கை வைத்துச் சொன்னால், இன்று அவராக எடுத்தது ஒன்றே ஒன்று. அதையும் அவர் மறைக்கவில்லை. கெட்ட பழக்கம் ஆயிரம் இருந்தாலும் மனுஷன் கிளினிக்கில் பொய் சொன்னதில்லை, எறும்பு விஷயத்தைத் தவிர.

"நீ கேக்கலைன்னா நான் மறுபக்கத்துலதான் தேடிக்கிட்டிருந்திருப்பேன்" என்றார். "நீ சும்மா இருந்திருந்தா அறை உன்னுது."

"தெரியும். என் வாய்க்கு ஒரு தையல் போட்டிருக்கணும் நீங்க."

"இப்ப என்ன பண்றது?"

சிஸ்டர் எழுந்து ரேக்கின் எதிரே வந்து நின்றார். ஒரு புதிய நோயாளியைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார்.

"முழுசா எடுக்க வேணாம்" என்றார். "இந்த நாலு மூலையிலயும் இருக்கே, எட்டாம் நம்பர். இதுக்கு என்ன பேரு?"

டாக்டருக்கு எதுவோ புரிய ஆரம்பித்தது. "ஞானப்பல்" என்றார் ஈனக்குரலில்.

"அதைப் பத்தி வர்றவங்க எல்லார்கிட்டயும் என்ன சொல்லுவீங்க?"

டாக்டர் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க டாக்டர்."

"இதால ஒரு பிரயோஜனமும் இல்லை. பக்கத்துல இருக்கிறதையும் நெருக்கும். எடுத்துடலாம்."

"ரெண்டு ஓரமும் மேலயும் கீழயும் எடுத்துட்டு, ரேக்கையும் அந்த அளவுக்கு அறுத்துட்டா, ஜன்னல்கிட்ட ஒரு நாற்காலியும் என் நோட்டு வைக்கிற ஸ்டாண்டும் வரும். மூணுலேர்ந்து நாலு மணி வரைக்கும் கதவைச் சாத்திப்பேன். மீதி நேரம் நீங்க வாயைப் பார்த்துக்கிட்டே இருங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"அதுல நானூறு படம் இருக்கு!"

"எத்தனை பார்த்திருக்கீங்க?"

அமைப்புகளில் எதை மறைத்தாலும் அக்காவின் கணக்கில் தெரியும் என்று மச்சினன் அன்றே சொல்லியிருந்தார். சிஸ்டர் திரையைத் தன் பக்கம் திருப்பி, நான்கு மூலைகளையும் தேர்ந்தெடுத்தார். மொத்தம் 403. பார்த்தவை 0. வட்டம் முழுக்கச் சிவப்பு. டாக்டர் பார்த்தார், பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பினார், மறுபடி பார்த்தார். இத்தனை வீங்கிய ஈறு வேறு யாருடைய வாயிலாவது இருந்தால் அவர் ஒரு நொடி யோசித்திருக்க மாட்டார்.

"சரி" என்றார்.

அழிக்கப் போனபோது மென்பொருள் தடுத்தது. நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்றது. ஆம் என்றார் சிஸ்டர். உண்மையிலேயே நிச்சயமாகவா என்றது. ஆம். கடைசியாகக் கேட்கிறேன் என்றது.

"யாருங்க இதை இப்படிக் கெஞ்ச வச்சது?"

"நான்தான்" என்றார் டாக்டர். "அழிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை தடவை உறுதி கேக்கணும்னு ஒரு செட்டிங் இருந்துச்சு. அதிகபட்சம் மூணுதான் குடுத்துச்சு."

சிஸ்டரின் விரல் பொத்தான்மேல் நின்றது. டாக்டர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்த நிலையில் அவரை யாரும் பார்த்ததில்லை. எதிரே நின்று பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம்.

"வலிக்குமா?" என்றார்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லிச் சிஸ்டர் அழுத்தினார்.

திரையில் 1,837 என்பது 1,434 ஆயிற்று. அதற்கப்புறம் அரை மணி நேரம் மச்சினன் மூலைத் தட்டுகளைக் காலிசெய்து அட்டைப் பெட்டிகளில் போட்டார். கீழ் வரிசைப் பதிவுகளை யாருக்கு வலது, யாருக்கு இடது என்று பார்த்து முழுக்கத் திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். முப்பத்தேழு படமும் அடுத்த ஞாயிறே கண்டுபிடிக்கப்படும் என்றும் அவர் வாயாலேயே வந்தது. பெட்டிகள் கீழே இறங்கிப் போகும்போது டாக்டர் பின்னாலேயே படிக்கட்டு வரை வந்தார். கடைசிப் பெட்டியில் மேலாக இருந்த ஒன்றைக் கையில் எடுத்தார். பிளாஸ்டிக் உறை பளபளத்தது.

"இதை மட்டும் எடுத்து வச்சுக்கலாமா?" என்றார். "ஒண்ணே ஒண்ணு."

சிஸ்டர் அவர் கையிலிருந்து அதை வாங்கிப் பெட்டிக்குள் போட்டார்.

"எதுக்கு? தொட்டியில நட்டு வைக்கவா?"